வரைபடம் படிக்கத் தெரியாதவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நில அளவை பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, கடைசிப் பத்தி வரை. "கிராம மக்களுக்கு வரைபடம் படிக்கத் தெரியாததே எல்லைத் தகராறுகளுக்குக் காரணம்" என்று முடித்துவிட்டீர்கள். சந்தோஷம்.

எனக்குப் படிக்கத் தெரியும் ஐயா. என் வரப்பு பழைய எஃப்.எம்.பி. ஸ்கெட்சில், அதாவது சர்வே துறையின் புல வரைபடத்தில், 250 என்று இருக்கிறது. அது அடியும் இல்லை, மீட்டரும் இல்லை, லிங்க். ஒரு சங்கிலிக்கு 100 லிங்க், 66 அடி. ஆக என் வரப்பு 165 அடி. அளக்க வந்த தம்பியிடம் இதை நான்தான் சொன்னேன்.

அவர் வந்தது கூட பணம் கட்டி ஏழு மாதம் கழித்து. முதல் தடவை சங்கிலி பிடிக்க ஆள் இல்லை, அடுத்த தடவை மழை, அப்புறம் தேர்தல் வேலை. வந்தவர் மூலைக்கல் எங்கே என்றார். ரோடு அகலப்படுத்தியபோது ஜேசிபி பிடுங்கிப் போட்ட அந்தக் கல், தலையில் வெட்டிய குறியோடு, எங்கள் ஊர் டீக்கடை வாசலில் கிளாஸ் கழுவும் பலகைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. காட்டினேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

1802இல் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து வெள்ளைக்கார சர்வேயர் லாம்டன் இந்தியாவை அளக்க ஆரம்பித்ததையும், கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டைச் சுமந்துகொண்டு மலை மலையாக ஏறியதையும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சுமந்தவர்கள் நம்ம ஆட்கள்தானே, அதற்கு ஒரு வரி இல்லை. சரி, விடுங்கள்.

தாத்தா பத்திரத்தில் 1 ஏக்கர் 12 சென்ட். யூடிஆர் என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்களே, அதற்குப் பிறகு பட்டாவில் 0.41.5 ஹெக்டேர். கணக்குப் போட்டால் ஒன்பதரை சென்ட் காணோம். நிலம் நடந்தா போகும்? இதையும் படிக்கத் தெரியாமல்தான் அப்பா சாகும்வரை மனு எழுதினார் போல.

கட்டுரையோடு டோப்போ ஷீட் என்ற நிலப்பரப்பு வரைபடத்தின் படம் வேறு. அதில் மலை, ஏரி, பாலாறு எல்லாம் இருக்கும், பட்டா எல்லை இருக்காது. 1:50,000 அளவில் என் நிலம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம், கடுகுதான். அதைப் பார்த்து நான் எந்தத் தகராறைத் தீர்ப்பது?

வரைபடம் என்றதும் ஞாபகம் வருகிறது. வட ஆற்காடு 1989இல் இரண்டானது, 2019இல் வேலூரும் மூன்றானது. போன மாதம் நீங்கள் போட்ட படத்தில் ஆம்பூர் இன்னும் வேலூர் மாவட்டத்திலேயே இருந்தது. திருப்பத்தூர்க்காரர்கள் யாரும் எழுதவில்லையா?

கேட்பது ஒன்றுதான். லிங்க், அடி, மீட்டர், சென்ட், ஹெக்டேர் கணக்கை ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள், வெட்டி வைத்துக்கொள்கிறோம். என் பெயரைப் போட வேண்டாம். பக்கத்து நிலத்துக்காரரும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்.

வேலூர் மாவட்ட வாசகர்