அந்தப் பையனை இரவு வேலையிலிருந்து மாற்று, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஹட்டன் பஸ்ஸில் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் ஷிப்டில் இருக்கிற பையன் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, தேயிலைக் கொழுந்து வாடப் போட்ட நேரத்தை இரண்டு தடவை புத்தகத்தில் பிழையாக எழுதிவிட்டான். "சோம்பேறியாகிட்டான் அண்ணே" என்றாய். ஒரே மாதத்தில் யாராவது சோம்பேறியாவார்களா?

எனக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது, நீ ஸ்டோருக்கு, இந்தத் தேயிலை ஃபேக்டரிக்கு, வருவதற்கு முந்தி. மாடியில் கொழுந்தை ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்த்தே வாட்டம் பதமா இல்லையா என்று சொல்லிவிடுகிறவன் நான். அந்த மாதங்களில் திரும்பத் திரும்ப நசுக்கிப் பார்ப்பேன், ஒன்றும் விளங்காது, கை வேறு யாருடையதோ போல இருக்கும். தேத்தண்ணி நேரத்தில் ஒருவர் "இவனை அங்கொடைக்கு ஏத்துங்கப்பா" என்று மனநல ஆஸ்பத்திரியைச் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

புத்திமதிக்குக் குறைவில்லை, கோயிலுக்குப் போ, கல்யாணம் கட்டு, மனதைத் தைரியமாக வை என்று லயத்து வீடுகளில் ஆளாளுக்குச் சொன்னார்கள். கூட வேலை செய்த ஓர் அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லாமல், தினமும் என் புத்தகத்தை வாங்கிக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தார். அப்புறம் ஒரு நாள் தானும் லீவு போட்டு ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போய், நம்பர் துண்டு எடுக்கிற வரிசையில் எனக்காக அவரே நின்றார்.

நீயும் பையனை அங்கே கூட்டிப்போ. மாத்திரை தொடங்கியதும் சரியாகிவிடும் என்று நினைக்காதே. பெரும்பாலும் இரண்டு, மூன்று கிழமை போனால்தான் கொஞ்சம் தெரியும், அதற்குள் பலர் "வேலை செய்யல" என்று விட்டுவிடுகிறார்கள். சில மாத்திரைக்குத் தூக்கம் சொக்கும், அதனால் டாக்டரிடம் கேட்கிறவரைக்கும் கொழுந்து உருட்டுகிற ரோலர் மெஷின் பக்கம் விடாதே, பகலில் பெட்டி அடைக்கிற இடத்தில் போடு. காரணத்தை ஸ்டோர் முழுக்கச் சொல்லித் திரியாதே, தோட்டத் துரைக்குத் தெரிய வேண்டியது மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னொன்று. சாவைப் பற்றி ஏதாவது சொன்னால் பேச்சை மாற்றாதே, நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதே, தோட்டத்துக்கு மருந்தடிக்கிற போத்தல் எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. 1926 என்ற நம்பருக்குப் போன் எடுத்தால் மனநல உதவிக்கு ஆள் பேசும், நீயே எடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.

கிளினிக் எந்த நாள் என்று விசாரித்து வை. உனக்கு லீவு கிடைக்காவிட்டால் சொல்லு, வரிசையில் நான் நிற்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்