பேட்டரி இல்லாத குட்டிப் பெட்டி

ஆசிரியர் சார், வணக்கம். நாங்க வியாசர்பாடில கானா கச்சேரி பண்றவங்க, 5 அங்குல சதுரத்துல வர்ற 2024 மாடல் மேக் மினிய (ஆப்பிளோட குட்டி கம்ப்யூட்டரு) தான் பைல போட்டுக்கினு போயி மேடையில கீபோர்டு சத்தமெல்லாம் ஓட்டுறோம், வீட்ல ரெக்கார்டிங்கும் அதுலதான். பஃபர (கம்ப்யூட்டரு ஒரு தடவைக்கு சேத்து அனுப்புற சத்தத் துண்டு) 128 சாம்பிள்னு வச்சா, செகண்டுக்கு 48,000 சாம்பிள் கணக்குல அதால வர்ற லேட்டு 3 மில்லிசெகண்ட் கூட இல்ல, மிக்ஸிங் அப்போ லேட்டானாலும் பரவால்ல, 1024க்கு ஏத்திக்கலாம். ஆனா இதுல பேட்டரி கெடயாது சார். போன ஆடில கூழ் ஊத்துற விசேஷத்துல கரண்ட் போச்சு, டோலக் மட்டும் நிக்கல (அதுக்கு எந்த பிளக்கும் வேணாம் பாருங்க), பெட்டி ஆன் ஆகி சவுண்டெல்லாம் லோடு ஆகறதுக்குள்ள பாதி கூட்டம் டீக்கடைக்கு போயிடுச்சு. புதுசா வாங்குற பசங்க தனியா வாங்க வேண்டிய ஸ்கிரீன் மானிட்டரு, கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்குற சின்ன யூபிஎஸ் காசையும் சேத்தே கணக்கு போடுங்கப்பா.

வாசகர், வியாசர்பாடி