வழக்கு இல்லாத மீன்

அன்புள்ள மாப்ள முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை.

ஓய்வு பெற்றும் மீன் என்னை விடவில்லை. வண்ணமீன் கடைகளில் ‘டைனோசர்’ என்று ஒன்று விற்கிறார்களே, பிச்சிர், பார்த்திருக்கிறாயா? பாம்பு மாதிரி உடம்பு, முதுகில் வரிசையாகக் குட்டிக் குட்டித் துடுப்புகள். சொந்த ஊர் ஆப்பிரிக்கா. செனகல், நைஜர், நைல் ஆறுகளில் இருப்பது. நம் கண்மாயில் விழுந்தால் என்ன ஆகும் என்று மதிப்பிட உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்கென்று 55 கேள்விகளோடு ஒரு கேள்வித்தாள் உண்டு. 49 மீனைப் பற்றியவை, மிச்சம் 6 பருவநிலை மாற்றத்தைப் பற்றியவை. ஒவ்வொரு பதிலையும் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்றும் குறிக்க வேண்டும். ‘வேறு நாட்டில் பரவித் தொல்லை கொடுத்ததா?’ என்று கேட்டால், 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி கெண்டைக்குப் பக்கம் பக்கமாக எழுதலாம். பிச்சிருக்கு அப்படிப் பெரிய வரலாறு கிடையாது. உடனே ஆபத்து மதிப்பெண் இறங்கிவிடுகிறது. போலீசில் வழக்கு இல்லை என்பதற்காக ஒருத்தனுக்கு யோக்கியன் என்று சான்றிதழ் கொடுத்த கதைதான். ‘ஆபத்து குறைவு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அதனால் நம்மூர்த் தண்ணீரை வைத்து யோசித்தேன். பிச்சிருக்கு நுரையீரல் உண்டு, மேலே வந்து காற்றைக் குடிக்கும். சாக்கடை கலந்து மற்ற மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும் தண்ணீரிலும் அது தாக்குப்பிடிக்கும். வெயிலும் அதற்குப் பழகியதுதான். ஆனால் மேலூர் பக்கத்துக் கண்மாய்கள் கோடையில் வற்றிவிடும்; மீன்பிடித் திருவிழாவில் ஊரே இறங்கி ஊத்தாக் கூடை போட்டு அரித்துவிடும். ‘நுரையீரல் மீன்’ என்று வேறொரு மீன் உண்டு, அது மாதிரி சேற்றுக்குள் கூடு கட்டித் தூங்கும் வித்தை பிச்சிருக்குத் தெரியாது. ஆகவே அங்கே பயம் குறைவு. எனக்குப் பயமெல்லாம் மதுரையை ஒட்டி, கழிவுநீரால் வருஷம் முழுக்க வற்றாமல் கிடக்கும் கண்மாய்கள்தான். தொட்டி கொள்ளாமல் வளர்ந்த மீனைக் கொண்டுபோய் விடுவதும் அங்கேதான். நல்ல மழையில் மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு வழி தானாகத் திறந்துவிடும்.

இன்னொன்று. அது ராத்திரியில் தரையோடு மோப்பம் பிடித்து வேட்டையாடும் மீன். நம் அயிரையும் தரையில்தானே கிடக்கும்? இதைச் சொன்னால்தான் மதுரைக்காரனுக்கு உறைக்கும், கேள்வித்தாளில் இதற்குத் தனிக் கட்டம் இல்லாவிட்டாலும்.

சரி, உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கிறவர்களை உனக்குப் பழக்கம் அல்லவா? திறந்தவெளி சிமெண்ட் தொட்டியில், முட்டையிட வைக்கும் ஹார்மோன் ஊசி போடாமல், மழை பெய்ததும் பிச்சிர் தானாக முட்டையிட்டிருக்கிறதா என்று கேட்டு எழுது. ஆம் என்றால் பாதிக் கேள்விகளுக்கு என் பதில் மாறிவிடும். சும்மா விசாரிப்பது போலக் கேள். தடை வரப்போகிறது என்று நினைத்தால் வாய் திறக்க மாட்டார்கள்.

அன்புடன்,
பாண்டி