மூன்றாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் கூட்டி வந்து விடும் தாத்தா பாட்டிகளுக்கும்,

வணக்கம். தமிழ் வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்காக இந்தக் கடிதத்தின் ஆங்கில நகல் வகுப்பாசிரியர்களிடம் இருக்கிறது. ஆனாலும் முதலில் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்காகத்தானே அனுப்புகிறீர்கள்!

மூன்றாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. சிறுவர் வகுப்பில் எல்லோரும் உயிரெழுத்துகளைப் பார்க்காமல் எழுதுகிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் குறள் ஒப்புவித்தலில் நன்றாகச் செய்தார்கள். ஆடி மாதத்தில் கோவிலில் கஞ்சி ஊற்றியபோது நம் மாணவர்கள் வரிசையில் நின்று பரிமாறியதைப் பலர் பாராட்டினார்கள். கோலப் போட்டியும் நடந்தது. ஆசிரியைகள் அனைவருக்கும் நன்றி. வருகைப் பதிவும் போன பருவத்தைவிடப் பரவாயில்லை.

சரி, இப்போது பர்கர் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தென்னாப்பிரிக்காவின் செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்தை ஒட்டி, அதற்கு முந்தின சனிக்கிழமை முற்றத்தில் உணவுக் கடைகள் போட்டோம். கட்டட நிதிக்காகத்தான். இட்லி, வடை, பீன்ஸ் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி) எல்லாம் இருந்தன. பர்கர் கடையும் ஒன்று இருந்தது. கோழி பேட்டிதான் (பன்னுக்குள் வைக்கும் தட்டையான கறி வட்டு) வாங்குவதாக ஏற்பாடு. முந்தின நாள் மாலை கடையில் அது தீர்ந்துபோனதால், பொறுப்பில் இருந்த அம்மா குறைந்த விலையில் கிடைத்த வேறொரு உறைந்த பேட்டிப் பெட்டியை வாங்கி வந்தார். பெட்டியின் முன்பக்கத்தில் 'பர்கர் பேட்டி' என்ற எழுத்தும் படமும் மட்டுமே இருந்தன. பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை அவசரமாகப் பார்த்தவர் கண்ணில் 'சோயா' என்ற சொல் பட்டது. புரட்டாசி மாதத்தில் நம் வீடுகளில் சோயா மின்ஸ் (கொத்துக்கறி போன்ற சோயாத் தூள்) கறி வைப்பது வழக்கம்தானே. இதுவும் அதுபோல ஒன்று என்று நினைத்துக்கொண்டார். 'சோயா பர்கர்' என்று பலகை எழுதி வைத்தார்.

விரதம் இருந்த பிள்ளைகள் அந்தப் பலகையை நம்பி வாங்கிச் சாப்பிட்டார்கள். வீட்டில் மாட்டிறைச்சி தொடாத பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பாதிப் பெட்டி தீர்ந்த பிறகு இன்னொரு அம்மா பெட்டியைத் திருப்பி முழுசாக வாசித்தார். முதல் சொல்லே மாட்டிறைச்சி.

பழி யார் மேல் என்று பெற்றோரின் கைபேசிக் குழுவில் நிறையப் பேசிவிட்டீர்கள். முதல் பழி என்மேல். நான் அந்தக் கடையிலிருந்து நாலு அடி தள்ளி நின்று வடை தின்றுகொண்டிருந்தேன், பெட்டியைப் பார்க்கவில்லை. பலகை எழுதுவதற்கு முன் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற ஒழுங்கு பள்ளியில் இல்லாதது என் குறை. சம்பந்தப்பட்ட குடும்பங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இங்கே எல்லோரிடமும் கேட்கிறேன்.

அந்தப் பெட்டி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. வேலை முடிந்த ஒரு மாலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முழுசாக வாசித்தேன். மாட்டிறைச்சி, தண்ணீர், சோயா புரதம், கோதுமை ரஸ்க், மாவுப்பொருள், உப்பு, மசாலா, பாஸ்பேட், சல்பைட் என்று போகிறது. எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அப்படியானால் அந்தப் பேட்டியில் இறைச்சிக்கு அடுத்த பெரிய பங்கு தண்ணீர்தான். அதற்கு அடுத்தது சோயா. அந்த அம்மா கண்ணில் பட்டது பொய்யில்லை, சோயா நிஜமாகவே இருந்தது. மாட்டிறைச்சியோடு சேர்ந்து இருந்தது, அதுதான் வினை.

இறைச்சியில் இதெல்லாம் எதற்குச் சேர்க்கிறார்கள் என்று சில பெற்றோர் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இறைச்சி விலை அதிகம், தண்ணீரும் சோயாவும் ரஸ்க்கும் மலிவு. சோயா புரதமும் ரஸ்க்கும் தண்ணீரையும் கொழுப்பையும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதனால் கல்லில் போட்டதும் பேட்டி சுருங்கிப் போகாது, கடிக்கும்போது மெத்தென்று இருக்கும். பாஸ்பேட்டும் நீரைப் பிடித்து வைக்கத்தான். சல்பைட் கிருமிகளைத் தடுக்கும், சிவப்பு நிறத்தையும் காக்கும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் மூச்சிரைப்பு வரலாம். இவற்றைச் சேர்ப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நாமும் கட்லெட்டுக்கு உருளைக்கிழங்கும் ரொட்டித் தூளும் சேர்க்கிறோம். ஆனால் அதை யாரும் வெறும் கறி என்று சொல்லி விற்பதில்லை.

நம் நாட்டில் பெயருக்கும் கணக்கு உண்டு. 'பூர்வோர்ஸ்' (நம் நாட்டுச் சாசேஜ் வகை) என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 90 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பேட்டி என்பது வேறு பெயர், அதற்குக் கணக்கும் வேறு. ஆகவே முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சோயா, கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, மீன் போன்ற ஒவ்வாமைப் பொருட்கள் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று 2010இல் வந்த லேபிள் விதிகள் சொல்கின்றன. நம் பள்ளியிலேயே சோயா ஒவ்வாத பையன் ஒருவன் இருக்கிறான். அன்று அவன் பர்கர் வாங்காதது முழுக்க முழுக்க அவன் அதிர்ஷ்டம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது குழுவில் சுற்றியவை பற்றி.

கழுதைக் கறி என்று ஒரு செய்தி வந்தது. அது அடியோடு பொய்யும் இல்லை, நம் பெட்டியைப் பற்றியதும் இல்லை. 2013இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் நாட்டுக் கடைகளில் வாங்கிய 139 இறைச்சிப் பொருட்களைச் சோதித்தார்கள். அவற்றில் 95இல், அதாவது 68 சதவீதத்தில், லேபிளில் சொல்லாத ஏதோ ஒன்று இருந்தது. சொல்லாமல் கலந்த சோயா, கோதுமைப் புரதம், பன்றி, கோழி எல்லாம் கிடைத்தன. கழுதை, ஆடு, நீரெருமையும் அகப்பட்டன. சாசேஜ், பர்கர் பேட்டி, கடையில் சீவித் தரும் இறைச்சி வகைகளில்தான் இது அதிகம். பழைய செய்திதான். ஆனாலும் விரதக்காரருக்கும், ஹலால் பார்ப்பவருக்கும், ஒவ்வாமை உள்ளவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி கொடுத்த செய்தி. பெற்றோர் சந்தேகப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன்.

இளஞ்சிவப்புக் கூழ் வீடியோ இன்னொன்று. அமெரிக்காவில் 2012இல் பெரிதாக வெடித்த சர்ச்சை அது. மாட்டின் கொழுப்புத் துண்டுகளைச் சூடாக்கி, சுழற்றிக் கொழுப்பைப் பிரித்து, மீதமான இறைச்சியில் கிருமி சாக அம்மோனியா வாயுவைச் செலுத்தி, கொத்துக்கறியோடு சேர்த்தார்கள். பாதுகாப்பானது என்று அந்த நாட்டு அரசு சொன்னது. அது கலந்திருப்பது லேபிளில் இல்லை என்பதுதான் அங்கே தாய்மார்களைக் கொதிக்க வைத்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வீடியோவைப் போட்டு 'நம் பள்ளியில் கொடுத்தது இதுதான்' என்று கீழே எழுதியது சரியில்லை.

பொலோனி (சீவிச் சாப்பிடும் பதப்படுத்திய சாசேஜ்) பற்றியும் கேட்டீர்கள். 2017இலும் 2018இலும் நம் நாட்டில் லிஸ்டீரியா கிருமியால் 1,060 பேருக்கு நோய் உறுதியாகி, 216 பேர் இறந்தார்கள். பொலோனிதான் காரணம் என்று 2018 மார்ச்சில் சுகாதார அமைச்சர் அறிவித்ததும், அன்றே நாம் எல்லோரும் பிரிட்ஜைக் காலி செய்தது நினைவிருக்கும். ஆனால் அது கிருமி செய்த வேலை. சோயாவோ பாஸ்பேட்டோ செய்ததல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், கேட்டவர்களுக்காக. வீட்டில் வாங்கும் கொத்துக்கறி வெளியே சிவப்பாகவும் உள்ளே பழுப்பாகவும் இருந்தால் உடனே பழசு என்று பயப்பட வேண்டாம். காற்று படாத இடத்தில் இறைச்சி அப்படித்தான் நிறம் மாறும். முகர்ந்து பாருங்கள், தேதியைப் பாருங்கள். நாள் கணக்காக மாறாமல் பளபளவென்று சிவந்தே இருக்கும் மின்ஸைத்தான் நான் இரண்டு முறை பார்ப்பேன். சின்ன வயதில் என் அம்மா டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் ஆட்டுத் தொடையைக் கைகாட்டி, கண்ணெதிரே கொத்தச் சொல்லி, கொத்தி முடியும் வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அம்மாவுக்குக் காது கேட்காது. இன்றும் கேட்டால் கண்முன்னே அரைத்துத் தரும் கசாப்புக்கடைகள் உண்டு.

இனி சொல்வதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

பர்கர் கடை நடத்திய அம்மாவின் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பார்கள், அதனால் வேண்டுமென்றே செய்தார் என்று ஒருவர் குழுவில் எழுதினார். அதற்கு நாலு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். இந்தப் பள்ளியில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அ, ஆ எழுதுகிறார்கள். யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று விசாரிப்பது யார் வேலையும் இல்லை. அப்படி இன்னொரு முறை எழுதினால் அவர் அந்தக் குழுவில் இருக்கமாட்டார், என்னோடு நேரில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. சாப்பிட்ட பிள்ளை ஒருத்தியிடம் பெரியவர் ஒருவர் 'நீ தீட்டுப்பட்டுவிட்டாய்' என்று சொல்லியிருக்கிறார். அவளுக்கு வயது எட்டு. அவள் செய்ததெல்லாம் பலகையில் இருந்த தமிழை ஒழுங்காக வாசித்து நம்பியது மட்டும்தான். அவளை அப்படி வாசிக்க வைத்தது நாம். அந்தப் பெரியவர் அவளிடம் போய்ப் பேசுவார் என்று எதிர்பார்க்கிறேன். யார் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய பாட்டி செய்ததைச் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். அழுதுகொண்டு வந்தவளை மடியில் உட்கார வைத்து, 'தெரியாமத் தின்னது கணக்குல வராது கண்ணு, விளக்கேத்திக் கும்பிடு, போய் விளையாடு' என்றாராம். பிள்ளை மறுநாளே விரதத்தைத் தொடர்ந்தாள்.

நான்காம் பருவத்திலிருந்து பள்ளியில் எல்லோரும் பகிரும் மேசையில் இறைச்சி இருக்காது, கோழி உட்பட. யாருடைய உணவும் தாழ்வு என்பதால் அல்ல. பத்து வகைக் கட்டுப்பாடு உள்ள வீடுகள் ஒன்றாகச் சாப்பிட இதுதான் எளிய வழி. கடையில் வாங்கியது என்றால் பெட்டியோடு கொண்டு வாருங்கள், பிரித்துத் தட்டில் கொட்டி வராதீர்கள். வீட்டில் செய்தது என்றால் என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பாத்திரத்தின் கீழ் வையுங்கள். பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலந்து வருவதுண்டு, அதனால் சின்னதென்று எதையும் விடவேண்டாம். பலகை எழுதுவதற்கு முன் ஓர் ஆசிரியை வாசித்துக் கையெழுத்திடுவார். பிள்ளையின் சொந்தச் சாப்பாட்டு டப்பாவில் என்ன வைப்பது என்பது உங்கள் விருப்பம், அதில் பள்ளி தலையிடாது. ஆனால் கேட்காமல் அடுத்த பிள்ளைக்கு ஊட்டிவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். ஒவ்வாமைப் படிவத்தைப் பாதிப் பேர்தான் இதுவரை கொடுத்திருக்கிறீர்கள். மீதிப் பாதி தயவுசெய்து கொடுங்கள்.

கேள்வி இருந்தால் சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன் என்னிடம் வாருங்கள். அந்தப் பெட்டியையும் காட்டுகிறேன்.

கடை நடத்திய அந்த அம்மா பர்கர் விற்ற பணம் முழுவதையும் அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகப் போய்ப் பேசினார். யாரும் அவரை அனுப்பவில்லை. அடுத்த விழாவில் அவரே கடை போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பெட்டியைத் திருப்பி வாசித்த அம்மாவுக்கும் நன்றி. சத்தம் போடாமல் என்னிடம் முதலில் வந்து சொன்னார், அதனால்தான் மீதிப் பாதி விற்காமல் நின்றது. கோபத்தை நேரில் வந்து கொட்டிவிட்டு, போகும்போது நாற்காலி அடுக்கி உதவிய அப்பாக்களுக்கும் நன்றி.

விரதம் இருப்பவர்களுக்குப் புரட்டாசி நல்லபடியாக முடியட்டும். விடுமுறை கழித்துச் சந்திப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு. அன்றைய மேசையில் விட்டுப்போன மூன்று எவர்சில்வர் டப்பாக்களும் ஒரு பெரிய பிரியாணிக் கரண்டியும் அலுவலகத்தில் இருக்கின்றன. கரண்டியில் பெயர் இல்லை.