அந்த மஞ்சள் முக்கோணங்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். நான் நலம், முதுகுவலிதான் விட்டபாடில்லை. சரி, உன் பழைய கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன்.

மெயில் திறக்கும்போதெல்லாம் வரும் எச்சரிக்கைப் பெட்டியில் 'யெஸ்' அழுத்தியே காலத்தை ஓட்டுவதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பெட்டியில் மூன்று வரி இருக்கும். சான்றிதழை (சர்வர் தன்னை யார் என்று நிரூபிக்கக் காட்டும் அடையாளச் சீட்டு) வழங்கியவரை நம்பலாமா, தேதி சரியா, பெயர் பொருந்துகிறதா. எந்த வரிக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறது என்று பார். தேதி வரியில் இருந்தால் முதலில் உன் கடிகாரத்தைப் பார். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால், அணைத்துப் போடும்போது தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அப்புறம் நேற்று வாங்கிய சான்றிதழ்கூட அதற்கு 'இன்னும் அமலுக்கு வராதது'தான். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது.

வழங்கியவர் வரியில் இருந்தால் கதை வேறு. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சாய்ந்திருந்த பழைய ரூட் (மற்ற சான்றிதழ்களுக்கு அடிப்படையான மூலச் சான்றிதழ்) 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்குப் புது ரூட்டைத் தெரியாது. லெட்ஸ் என்கிரிப்டின் சொந்தத் தளத்திலிருந்து அதை எடுத்து நிறுவலாம். பெயர் வரியில் இருந்தால் மட்டும் 'யெஸ்' அழுத்தாதே. மெயில் செட்டிங்கில் உள்ள சர்வர் பெயரைச் சரிபார். பெட்டியே வராமல் இணைப்பு அறுந்தால், இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் முறையின் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டையும் சர்வர் நிறுத்தியிருக்கலாம். அப்போது சான்றிதழை நோண்டிப் பயனில்லை, மெயில் மென்பொருளையே மாற்ற வேண்டும்.

தூரத்து சர்வருக்குள் நுழைய நீ வைத்திருக்கும் புட்டி மென்பொருள் விஷயம்தான் எனக்குப் பிடித்தது. 'கீ எக்ஸ்சேஞ்ச் அல்காரிதத்தில் (ரகசியச் சாவியை இரு பக்கமும் பேசி முடிவு செய்யும் முறை) உடன்பாடில்லை' என்று வருவதற்குக் காரணம் உன் புட்டியின் வயசு. புது சர்வர்கள் பேசும் எலிப்டிக் கர்வ் என்ற புதுவகை முறைகள் 2017-ல் வந்த புட்டி 0.68 பதிப்பில்தான் சேர்ந்தன. புட்டி ஒரே ஒரு எக்ஸி கோப்பு, புதியதை இறக்கிப் போட்டுக்கொள். சர்வர்காரரிடம் பழைய முறைகளைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சாதே. உன் ஒருவனுக்காக எல்லாருக்கும் கதவைத் திறந்து வைப்பது நியாயமில்லை.

இன்னொரு சர்வரில் 'பொட்டன்ஷியல் செக்யூரிட்டி பிரீச்' (சர்வரின் கீ முன்பு சேமித்ததோடு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை) என்று வந்தபோது 'நோ' அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன் என்கிறாய். அங்கேதான் வம்பு. பழைய புட்டியில் 'நோ' என்றால், புது கீயைச் சேமிக்காமல் இணைப்பைத் தொடர் என்று அர்த்தம். அப்புறம் பாஸ்வேர்டு வேறு அடித்திருப்பாய். 'கேன்சல்' ஒன்றுதான் பத்திரமானது. அந்தப் பெட்டியின் கடைசி வரியே அதைத்தான் சொல்கிறது. புதிய பதிப்புகளில் அந்த 'நோ' பட்டனுக்கு 'கனெக்ட் ஒன்ஸ்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள், நல்ல காரியம்.

சர்வரை மறுபடி நிறுவியிருந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். ஆகவே நிர்வாகியிடம் போனில் கீயின் கைரேகையை (கீயை அடையாளம் காட்டும் சுருக்கமான எழுத்து வரிசை) கேட்டு ஒப்பிடு. பழைய புட்டி எம்டி5 வடிவில் காட்டும்: இரண்டிரண்டு எழுத்தாக, நடுவே முக்காற்புள்ளி. சர்வர் இன்று வழக்கமாகக் காட்டுவது ஷா256 என்ற வேறு வடிவம். ஒரே கீதான், ஆனால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்காது. எம்டி5 வடிவிலேயே எடுத்துத் தரச் சொல். பொருந்தினால் 'யெஸ்', பொருந்தாவிட்டால் பாஸ்வேர்டை உடனே மாற்று. 'நோ' அழுத்தி உள்ளே போன அந்த சர்வருக்கு, எதற்கும் இன்றைக்கே கேட்டுவிடு.

அடுத்த முறை 'ஏதோ எர்ரர் வருது' என்று மட்டும் எழுதாமல், பெட்டியை முழுசாகப் படம் எடுத்து அனுப்பு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்