இரத்மலானைக்குப் பூஞ்சைப் புல் வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் விமான நிலையத்தில் விதைத்த பறவை விரட்டும் புல்லை, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்திலும் விதைக்கலாமே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். காலமெல்லாம் மாட்டுக்கு ஊசி போட்டுப் பென்சன் எடுத்தவன் நான். இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

பறவையை விரட்டுவது அந்தப் புல்லுக்குள் குடியிருக்கும் எபிக்ளோவி என்ற பூஞ்சை. வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். அது சுரக்கும் நச்சால் பூச்சி குறையும், பூச்சி தேடும் பறவையும் குறையும். புல் மேயும் வாத்துக்கு வயிற்றைப் புரட்டும்.

நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணைகளை வாட்டியதும் இதன் உறவுக்காரப் பூஞ்சைதான். அந்தப் பூஞ்சையுள்ள ரைகிராஸ் என்ற மேய்ச்சல் புல்லை மேய்ந்த ஆடு நிற்கும்போது தலை மட்டும் இலேசாக நடுங்கும். நாய் விரட்டினால் கால் விறைத்துப் பொத்தென்று விழும். தொந்தரவு செய்யாமல் விட்டால் சற்று நேரத்தில் தானே எழுந்து போகும். நச்சு அடித்தாளில் அதிகம் என்பதால், கோடையில் ஒட்ட மேயும்போதுதான் இந்தக் கூத்து. பூஞ்சை இல்லாத புல்லை விதைத்தால் வண்டு வந்து புல்லையே தீர்த்துவிடும். கடைசியில் வண்டை மட்டும் விரட்டும் ஏஆர்1 என்ற பூஞ்சை வகையை 2001இல் விற்பனைக்கு விட்டார்கள். விமான நிலையப் புல்லிலோ வேண்டுமென்றே நச்சுக் கூடிய வகை!

அமெரிக்காவில் இதே இனப் பூஞ்சை குடியிருக்கும் ஃபெஸ்கியூ என்ற புல்லைத் தின்ற மாட்டுக்கு இரத்தக் குழாய் சுருங்கும், உடம்புச் சூடு வெளியேறாது, பால் வற்றும். வெயில் நேரத்தில் குளத்துக்குள் இறங்கி நின்றுவிடும். கொழும்பு வெயிலில் நம் மாடு என்ன பாடுபடும்? ஓடுபாதைக்குக் கிட்டத்தானே அத்திடிய சதுப்பு, அங்கே எருமை மேய்கிறது.

வேட்டை விலங்கையும் இது விடாது. பின்லாந்தில் 2010இல் வெளிவந்த ஆய்வொன்றில், பூஞ்சைப் புல் தின்ற எலிகள் நடமாட்டம் குறைந்து மந்தமாகின. ஆனாலும் கீரி போன்ற வீசல்கள் அதிகம் பிடித்தது பூஞ்சை இல்லாத புல் தின்ற எலிகளைத்தான். ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததோ நேர்மாறு. அத்திடியவில் மீன்பிடிப் பூனையும் இருக்கிறது, மறக்க வேண்டாம்.

சரி, இவையெல்லாம் குளிர்நாட்டுப் புல். இரத்மலானைச் சூட்டில் நிலைக்காது. நுவரெலியாப் பக்கம் மேய்ச்சலுக்கு விதை இறக்குபவர்கள்தான், உள்ளே எந்தப் பூஞ்சை என்று கேட்டு வாங்க வேண்டும். விமானத்துக்குக் குறுக்கே வரும் காகமும் பருந்தும் புல்லைத் தேடியா வருகின்றன? சுற்றுவட்டாரத்தில் கொட்டும் மீன் கழிவை முதலில் அள்ளட்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர்,
தெஹிவளை