ஒபாமா ஓவியத்தின் இலைகள் வால்பேப்பர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாஷிங்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கும் பராக் ஒபாமாவின் ஓவியத்தைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓவியங்களைப் பற்றிப் பக்கம் ஒதுக்கும் இதழ்கள் குறைந்துவிட்ட நேரத்தில் இதை வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் அந்த ஓவியத்துக்குக் கட்டுரை நியாயம் செய்யவில்லை என்பது என் வருத்தம்.

முதலில் ஒரு திருத்தம். வெள்ளை மாளிகையின் ஓவியம் என்று இதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது வேறு. வெள்ளை மாளிகைக்காக ஒபாமாவை வரைந்தவர் ராபர்ட் மெக்கர்டி. வெறும் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு சூட்டுடன் ஒபாமா நிற்கும் அந்த ஓவியம் 2022 செப்டம்பரில்தான் திறந்துவைக்கப்பட்டது. கட்டுரையில் பேசப்படுவது கெஹிண்டே வைலி வரைந்தது. 2018 பிப்ரவரி 12 அன்று, எமி ஷெரால்ட் வரைந்த மிஷேல் ஒபாமாவின் ஓவியத்தோடு சேர்த்துத் திறக்கப்பட்டது. அதிபரையும் அவர் மனைவியையும் வரைய அந்த கேலரி அமர்த்திய முதல் கறுப்பின ஓவியர்கள் இவர்கள் இருவரும்தான். அதைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒபாமாவுக்குப் பின்னால் இருக்கும் இலைகள் "வால்பேப்பர் போல" இருக்கின்றன என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். வால்பேப்பர் மனிதருக்குப் பின்னால் நிற்கும். இங்கே இலைகள் பின்னால் நிற்கவில்லை. நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு, அவருடைய காலணி மேலேயே படர்கின்றன. தரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டு மீட்டருக்கும் அதிக உயரமுள்ள ஓவியத்தை ஒரு பக்கத்தின் மூலையில் சின்னதாக அச்சிட்டால் இதெல்லாம் பச்சை வண்ணத் திட்டாகத்தான் தெரியும். அதில் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது.

அந்த இலைகளுக்கு நடுவே இருக்கும் பூக்களும் சும்மா வந்தவை அல்ல. மல்லிகை, அவர் பிறந்த ஹவாய்க்காக. ஆப்பிரிக்க நீல அல்லி, அவர் தந்தையின் நாடான கென்யாவுக்காக. செவ்வந்தி, சிகாகோ நகரத்தின் அதிகாரபூர்வப் பூ. அவர் அரசியலில் கால் வைத்ததும் மிஷேலைச் சந்தித்ததும் அந்த நகரத்தில்தான். மனிதருக்கும் அவரைச் சுற்றி முளைக்கும் செடிகளுக்கும் நடுவே ஒரு போட்டி நடப்பதாக வைலியே திறப்பு விழாவில் பேசினார். கதை பெரிதா, அந்தக் கதைக்குள் இருக்கும் மனிதர் பெரியவரா என்பதுதான் அந்தப் போட்டி. ஒரு தலைவரின் படத்தில் இப்படிக் கேட்க எத்தனை ஓவியர்களுக்குத் துணிவு வந்திருக்கும்?

அதிபருக்குரிய கம்பீரம் இல்லை என்பது கட்டுரையின் அடுத்த குறை. இங்கேதான் நான் முழுதாக மாறுபடுகிறேன். கம்பீரத்துக்கான பொருட்கள் எல்லாம் வேண்டுமென்றால் அதே கட்டிடத்தில் கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டன் இருக்கிறார். தூண், திரைச்சீலை, கையில் வாள், நீட்டிய கை, வானத்தில் வானவில் வரை அதில் உண்டு. மன்னரே வேண்டாம் என்று பிறந்த புது நாடு, தன் தலைவரை வரைய ஐரோப்பிய அரசவை ஓவியங்களிடமிருந்துதான் அந்தத் தோரணையைக் கடன் வாங்கியது. அருமையான ஓவியம், மறுக்கவில்லை. ஆனால் அதுதான் ஒரே வழி என்று யார் சொன்னது? ஜார்ஜ் ஹீலி வரைந்த லிங்கனும் அங்கே இருக்கிறார், 1887-இல் வரைந்தது. கொடி இல்லை, மேஜை இல்லை. நாற்காலியில் முன்னால் சாய்ந்து, மோவாயில் கை வைத்து, எதிரே பேசுகிறவரைக் கவனிக்கிறார். ஒபாமாவும் மர நாற்காலியில் டை இல்லாமல், கைகளை மடக்கித் தொடைமேல் ஊன்றி, அதேபோல முன்னால் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் இது வழிதவறிய படமாகத் தெரியாது.

கம்பீரமான பின்னணி இருந்தால் மட்டும் எல்லோருக்கும் பிடித்துவிடாது. பின்னணியில் நாடாளுமன்றக் கட்டிடத்தையே வைத்து அதிபர் லிண்டன் ஜான்சனை வரைந்தார் பீட்டர் ஹர்ட். வெள்ளை மாளிகைக்காக வரைந்த அந்த ஓவியத்தைத் தான் பார்த்ததிலேயே அவலட்சணமானது என்று ஜான்சன் தள்ளிவிட்டார். கடைசியில் அதற்கும் இடம் கொடுத்தது இதே போர்ட்ரெய்ட் கேலரிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் இந்த ஓவியத்தின் உயிர். வைலி பெயர் வாங்கியது தெருவில் சந்தித்த சாதாரணக் கறுப்பின இளைஞர்களை ஐரோப்பிய அரசர்களின் தோரணையில் வரைந்து. நெப்போலியன் குதிரையில் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் புகழ்பெற்ற ஓவியத்தை 2005-இல் மறுபடி வரைந்து, குதிரைமேல் அப்படி ஓர் இளைஞரை உட்காரவைத்தார். தன்னை நெப்போலியன் ஆக்கிவிட வேண்டாம் என்று வைலியிடம் கேட்டுக்கொண்டதாகத் திறப்பு விழாவில் ஒபாமா வேடிக்கையாகச் சொன்னார். நரையைக் குறைக்கவும் காதைச் சிறிதாக்கவும் கேட்டுப் பார்த்தாராம், அது நடக்கவில்லை. விழாவில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அதிகாரம் எட்டாத இளைஞர்களுக்கு வாளும் குதிரையும் கொடுத்த ஓவியர், எட்டு வருடம் நாட்டையே ஆண்டவருக்கு ஒரு மர நாற்காலியைத்தான் கொடுத்திருக்கிறார். நரையோடு, காதோடு, அவர் இருக்கிறபடியே. கட்டுரையாளர் கம்பீரக் குறைவாகப் பார்த்தது இந்த மரியாதையைத்தான்.

2021-இல் இந்த ஓவியமும் மிஷேலின் ஓவியமும் சிகாகோ, புரூக்ளின், லாஸ் ஏஞ்சலிஸ், அட்லாண்டா, ஹூஸ்டன் என்று ஊர் ஊராகப் பயணம் கிளம்பின. வாஷிங்டன் வர முடியாதவர்களுக்கும் நேரில் பார்க்க வழி கிடைத்தது.

அடுத்த இதழில் வெள்ளை மாளிகை பற்றிய திருத்தத்தைத் தயவுசெய்து வெளியிடுங்கள். இடம் இருந்தால், இந்த ஓவியத்தையும் ஹீலியின் லிங்கனையும் எதிரெதிர்ப் பக்கங்களில் முழு அளவில், நல்ல தாளில் அச்சிடுங்கள். இலைகள் எங்கே படர்கின்றன என்று வாசகர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி